பெயர் மீண்ட வரலாறு
ஆய்விதழ் அறம் பற்றிச் சில சிந்தனைகள்

பண்டத்தரிப்பிலிருந்து தெற்கே சைக்கிளிற் சென்றால் சிறிது நேரத்தில் வட்டுக்கோட்டையை அடையலாம். கிழக்கு நோக்கிச் சென்றால் சுன்னாகத்தை அடைய அதனினும் சற்றுக் கூடுதலான நேரம் செல்லும். இவ்விரண்டு ஊர்களையும் தொட்டு நிற்கும் ஒரு சிறு வரலாறு உண்டு. வட்டுக்கோட்டைச் செமினரியிற் கல்வி கற்ற ஒருவர் 1885ஆம் ஆண்டில் ஒரு நூலைப் பதிப்பித்தபோது, ஒருவருடைய உழைப்பு மற்றொருவர் பெயரில் வெளிவந்தது. 58 ஆண்டுகள் கழித்து, 1943இல், சுன்னாகத்து அச்சுக்கூடம் ஒன்றிலிருந்து அவ்வுழைப்பு உரியவர் பெயரோடு வெளிவந்தது. இடைப்பட்ட காலத்தில் அத்தவற்றை எடுத்துக்காட்டியது மதுரையில் வெளிவந்த ஒரு மாத இதழ்.

ஆய்விதழ்களின் ஒழுக்கம் பற்றி இன்று பல்கலைக்கழகங்களில் அதிகம் பேசப்படுகிறது. விதிகள் வகுக்கப்படுகின்றன; குழுக்கள் அமைக்கப்படுகின்றன; பட்டியல்கள் வெளியிடப்படுகின்றன. இவையெல்லாம் மேனாட்டிலிருந்து அண்மையில் வந்திறங்கிய சரக்குகள் என்ற எண்ணம் நம் மாணவரிடையே உண்டு. ஆசிரியர் சிலரிடமும் உண்டு. அவ்வெண்ணம் பிழையானது என்பதை நம் அயலூர்களின் வரலாறே காட்டும். அவ்வரலாற்றை முதலில் நோக்குவோம்.

1

சிறுப்பிட்டியில் 1832இற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1857இல் முதன்முதலாகப் பட்டம் பெற்றோர் இருவருள் ஒருவர். மற்றவரான விசுவநாதபிள்ளையும் அதே செமினரியிற் பயின்றவரே. உயர்ந்த உத்தியோகத்தில் இருந்த தாமோதரம்பிள்ளை தமது ஓய்வையும் கைப்பொருளையும் ஏடு தேடுவதிலும் அச்சிடுவதிலும் செலவிட்டார். 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை, 1889இல் சூளாமணி என அவர் பதிப்பித்த நூல்கள் பல. தொட்டால் ஒடியும் ஏடுகளிலிருந்து இவை அச்சுக்கு வந்திராவிடில் சில நூல்கள் நமக்குப் பெயரளவிலேயே எஞ்சியிருக்கக்கூடும்.

1885ஆம் ஆண்டுப் பொருளதிகாரப் பதிப்பு, நச்சினார்க்கினியர் உரையோடு கூடியது என்ற அறிவிப்புடன் வெளிவந்தது. பொருளதிகாரம் ஒன்பது இயல்களைக் கொண்டது. முதல் ஐந்து இயல்களின் உரை நச்சினார்க்கினியருடையதே. ஆயின் மெய்ப்பாட்டியல், உவமவியல், செய்யுளியல், மரபியல் ஆகிய பின் நான்கு இயல்களுக்கும் அப்பதிப்பில் இருந்த உரை அவருடையதன்று. அது அவருக்கு முற்பட்ட பேராசிரியர் என்னும் உரையாசிரியர் எழுதியது.

இது வேண்டுமென்று செய்த வஞ்சனையன்று. நச்சினார்க்கினியர் தொல்காப்பியம் முழுவதற்கும் உரை செய்தார் என்ற செய்தி மரபில் வழங்கியது. அந்த நம்பிக்கையே கையிற் கிடைத்த உரை முழுவதற்கும் ஒரே பெயரைச் சூட்டியிருத்தல் வேண்டும். எனினும் விளைவு யாது? செய்யுளியல் போன்ற ஆழமான பகுதிக்கு உரை கண்ட ஒரு பேரறிஞரின் உழைப்பு, அச்சுயுகம் தொடங்கியதும் மற்றொருவர் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. ஏட்டில் இருக்கும் பிழை ஓர் ஏட்டோடு நிற்கும். அச்சில் ஏறிய பிழையோ நூற்றுக்கணக்கான பிரதிகளாகப் பெருகும். அதைப் படித்தோர் மேற்கோள் காட்ட, அம்மேற்கோளைப் படித்தோர் மீண்டும் மேற்கோள் காட்ட, பிழையே பிரமாணமாகிவிடும்.

2

1901ஆம் ஆண்டின் முதல் நாளில் தாமோதரம்பிள்ளை காலமானார். அதே ஆண்டில் பாண்டித்துரைத் தேவரின் முயற்சியால் மதுரைத் தமிழ்ச் சங்கம் நிறுவப்பட்டது. 1902இல் அச்சங்கம் ‘செந்தமிழ்’ என்னும் மாத இதழைத் தொடங்கியது. அதன் முதல் ஆசிரியர் இரா. இராகவையங்கார். இதழின் தொடக்க காலத்திலேயே அவர் ஒரு கட்டுரை எழுதி, பொருளதிகாரத்தின் பின் நான்கு இயல்களுக்கும் அச்சில் வழங்கிய உரை பேராசிரியருடையது என்று நிறுவினார். பின்னர் செய்யுளியலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை தனியே கிடைத்து அச்சேறியதும் இம்முடிவு ஐயத்துக்கு இடமின்றி உறுதிப்பட்டது.

இங்கே மூன்று செய்திகள் கவனத்துக்குரியன.

முதலாவது, திருத்தம் பகிரங்கமாகச் செய்யப்பட்டது. இரு புலவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் செய்தியாக அது அடங்கிவிடவில்லை. காசு கொடுத்து இதழை வாங்கும் எவரும் காரணங்களைப் படித்து, நூலோடு ஒப்பிட்டு, ஏற்கவோ மறுக்கவோ கூடிய வகையில் அது அச்சிடப்பட்டது.

இரண்டாவது, பிழை வேறு, பிழைத்தவர் வேறு என்ற பகுப்புப் பேணப்பட்டது. இத்திருத்தத்தால் தாமோதரம்பிள்ளையின் புகழ் குன்றவில்லை. அவர் பதிப்பு இல்லையேல் திருத்துவதற்கே எதுவும் இருந்திராது என்பதைத் தமிழுலகம் அறிந்திருந்தது.

மூன்றாவது செய்தி சற்று இடர்ப்பாடானது. கட்டுரையாளரே அவ்விதழின் ஆசிரியர். தன் கட்டுரையைத் தானே ஏற்றுத் தானே வெளியிடும் அதிகாரம் அவர் கையில் இருந்தது. இன்றைய விதிகளின்படி அக்கட்டுரை பிறரொருவரின் மதிப்பீட்டுக்குச் சென்றிருத்தல் வேண்டும். அவர் முடிவு சரியானது என்பது வேறு. அம்முடிவை வெளியிடுமுன் சோதிக்கும் முறை இருந்ததா என்பது வேறு. நல்லவர் கையில் அதிகாரம் இருந்தமையால் நன்மை விளைந்தது. அல்லாதார் கையில் அதே அதிகாரம் இருப்பின் என்ன விளையும்? விதிகள் தோன்றுவது இக்கேள்வியிலிருந்தேயாம்.

3

ஈழத்தில் இக்கதை நிறைவெய்தியது சுன்னாகத்தில். புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர் ‘செந்தமிழ்’ இதழில் எழுதி வந்தவர். அவர் தொல்காப்பியம் முழுவதையும் பழைய உரைகளோடும் தமது உரைவிளக்கக் குறிப்புக்களோடும் பதிப்பிக்க முன்வந்தார். ‘ஈழகேசரி’யை நடத்திய நா. பொன்னையா அவற்றைத் தமது சுன்னாகம் திருமகள் அழுத்தகத்தில் அச்சிட்டார். 1937இல் எழுத்ததிகாரமும் 1938இல் சொல்லதிகாரமும் வெளிவந்தன. 1943இல் பொருளதிகாரத்தின் பின் நான்கு இயல்களும் பேராசிரியர் உரையோடு வெளிவந்தன. முதல் ஐந்து இயல்கள் நச்சினார்க்கினியர் உரையோடு 1948இல் வந்து சேர்ந்தன.

1943 என்பது உலகப் போர் நடந்த காலம். கடதாசிக்கும் தட்டுப்பாடு, உணவுக்கும் தட்டுப்பாடு. அக்காலத்தில் ஒரு கிராமப் பண்டிதரும் ஒரு சிறு அச்சகத்தாரும் கூடி, பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் உரையாசிரியரின் பெயர் உரிய இடத்தில் நிற்க உழைத்தனர். அவர்களுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் இதற்காகப் பதவியுயர்வு வழங்கவில்லை. கணேசையரின் குறிப்புக்களைப் படிப்போர் மற்றொன்றையும் காண்பர். உரையாசிரியரோடு மாறுபடும் இடத்தில் அவர் தம் கருத்தை உரைக்குள் நுழைப்பதில்லை. உரை உரையாகவே நிற்கும்; மறுப்பு அடிக்குறிப்பில் தனியே நிற்கும். பிறர் சொல்லையும் தன் சொல்லையும் வேறுபிரித்துக் காட்டுதல் என்ற இவ்வொழுக்கமே ஆய்வறத்தின் முதற்படி.

4

இவ்வொழுக்கம் திடீரெனத் தோன்றியதன்று. நூலை இயற்றியவர் யார், அது எந்நூலின் வழி வந்தது, எவர் கேட்க அரங்கேறியது என்பவற்றை முகப்பிலேயே கூறுதல் வேண்டும் என்று பாயிர இலக்கணம் விதிக்கிறது. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் சிறப்புப் பாயிரம் கூறும். அச்சுக் காலத்திலும் இதன் தொடர்ச்சியைக் காணலாம். 1868இல் தாமோதரம்பிள்ளை வெளியிட்ட சொல்லதிகாரச் சேனாவரையர் உரை, நல்லூர் ஆறுமுகநாவலரால் பரிசோதிக்கப்பட்டது என்ற அறிவிப்போடு வந்தது. பரிசோதித்தவர் ஒருவர், பதிப்பித்தவர் ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்துச் சொல்லும் பழக்கம் அன்றே இருந்தது.

ஆயினும் மரபைப் புகழ்வதோடு நின்றுவிடுதல் வரலாற்றுணர்வு ஆகாது. அரங்கேற்ற அவையில் இருக்கை யாருக்கு இருந்தது? ஏடு யார் வீட்டில் இருந்தது? 1920களின் இறுதியில், பாடசாலைகளிற் சம ஆசனம் என்பதே பெருங் கலகத்துக்குரிய கோரிக்கையாக இருந்த குடாநாடு இது. பிறப்பினால் ஒருவனைத் திண்ணையிலும் நிலத்திலும் இருத்திய சமுதாயத்தின் அறிவு, எத்துணை நுட்பமானதாயினும், பாதி மனிதரின் அறிவே. பரிசோதிப்போர் அனைவரும் ஒரே வகுப்பினராய் இருப்பின், அவ்வகுப்புக்குத் தெரியாத பிழை பிழையாகவே நிலைக்கும்.

மேனாட்டு வரலாறும் இதனின் வேறானதன்று. 1665இல் இலண்டனில் றோயல் சங்கத்தின் செயலாளரான ஹென்றி ஒல்டன்பேர்க் என்பவர் தமது சொந்தப் பொறுப்பில் ஓர் அறிவியல் இதழைத் தொடங்கினார். கண்டுபிடிப்பைக் கூறும் கடிதம் வந்த நாளைக் குறித்துவைத்தல், யார் முதலில் கண்டார் என்ற பூசலைத் தீர்க்க உதவியது. காலப்போக்கில் கட்டுரையைத் துறையறிந்த பிறர் படித்து மதிப்பிடும் முறை வளர்ந்தது. கனவான்களின் கழகமாகத் தொடங்கிய அந்த அவையிற் பெண்களுக்கு இடம் கிடைக்க 1945 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

5

இனி இன்றைய நிலையைப் பார்ப்போம். அறிவு வெளியீடு இன்று பெருவணிகம். ஆய்வாளன் எழுதுகிறான், மற்றோர் ஆய்வாளன் கூலியின்றி மதிப்பிடுகிறான், வெளியீட்டு நிறுவனமோ இருவர் உழைப்பையும் அவர்கள் பணிபுரியும் பல்கலைக்கழகத்துக்கே விலைக்கு விற்கிறது. விற்பனை முறையை மாற்றி, எழுதுவோரிடமே பணம் வாங்கும் முறையும் வந்தது. வாசகர் இலவசமாகப் படிக்கலாம் என்பது அதன் நன்மை. கட்டுரை கூடக்கூட வருமானம் கூடும் என்பது அதன் நச்சுவிதை. மதிப்பீடு என்பதே இல்லாமல், பணம் கிடைத்த மறுவாரம் எதையும் வெளியிடும் போலி இதழ்கள் அவ்விதையிலிருந்து முளைத்தன.

2013இல் ஜோன் பொஹனன் என்னும் செய்தியாளர், வெளிப்படையான பிழைகளை வேண்டுமென்றே புகுத்திய ஒரு பொய்க் கட்டுரையைச் சிறு மாற்றங்களோடு 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதை ஏற்றன. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு தான் அங்கீகரித்த பட்டியலிலிருந்து 4305 இதழ்களை 2018 மே மாதம் நீக்க நேர்ந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் ‘கேர்’ என்ற புதிய பட்டியல் முறையை அது அறிவித்தது. 2025 பெப்ரவரியில் அதனையும் கைவிட்டு, இதழ்களை மதிப்பிடும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே ஒப்படைத்தது. பிரித்தானிய மருத்துவ இதழாசிரியர்கள் 1997இல் அமைத்த பிரசுர அறக் குழு இன்று உலகளாவிய நிறுவனமாகி, திருட்டு, பொய்த் தரவு, உழைக்காதார் பெயரைச் சேர்த்தல், உழைத்தார் பெயரை விடுதல், திருத்தம் வெளியிடுதல் ஆகியவற்றுக்கு நெறிகள் வகுத்து வருகிறது.

நெறிகள் வேண்டியனவே. ஆயின் பட்டியல் அறத்தைப் பிறப்பிக்காது. கட்டுரைகளின் எண்ணிக்கையால் மனிதனை அளந்து, பதவியையும் சம்பளத்தையும் அதனோடு கட்டிவைத்தால், எண்ணிக்கையை விற்கும் கடை தெருவுக்குத் தெரு திறக்கப்படும். எனக்கு அறிமுகமான ஓர் இளம் ஆய்வாளர் அத்தகைய இதழொன்றுக்குத் தம் மாதச் சம்பளத்திற் பாதியை அனுப்பினார். ஐந்தாம் நாள் கட்டுரை வெளிவந்தது. அதில் இரு பக்கங்கள் இடம்மாறி இருந்தன. எவரும் படித்துப் பார்க்கவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ? “என் கட்டுரையை உலகில் ஒருவராவது படிக்கவேண்டும் என்றே எழுதினேன், மாஸ்டர்” என்று அவர் சொன்னபோது அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏமாந்தவர் மீது மட்டும் பழி சுமத்திவிட்டு, ஏமாற்றத்தைத் தேவையாக்கிய அமைப்பைத் தப்பவிடுதல் நீதியன்று.

6

என்னை மட்டும் விலக்கிவைத்து இதைப் பேச எனக்கு உரிமையில்லை. பட்டப்படிப்பின் இறுதியாண்டில் நான் எழுதிய ஆய்வேட்டில், மேலே சொன்ன 1885ஆம் ஆண்டுப் பதிப்பை அடிக்குறிப்பிற் காட்டியிருந்தேன். பக்க எண்ணும் இருந்தது. வாய்மொழித் தேர்வில் முதிய ஆசிரியர் ஒருவர் அப்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, “இந்தப் பதிப்பை நீர் எங்கே பார்த்தீர், தம்பி?” என்று மெதுவாகக் கேட்டார். நான் பார்க்கவில்லை. மற்றொருவர் நூலில் இருந்த அடிக்குறிப்பை அப்படியே பெயர்த்திருந்தேன். அவர் எடுத்த பக்க எண்ணும் பிழையென்று பின்னர் அறிந்தேன். “பார்த்தவர் பெயரைப் போட்டு, அவர் காட்டியது என்று எழுதும். அதில் வெட்கம் இல்லை” என்றார் அம்முதியவர். மேலும் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் ஏன் அத்துணை சிறிய பிழையைப் பொருட்படுத்தினார் என்பது பின்னரே எனக்கு விளங்கியது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறக்குறைய 97000 நூல்கள் சாம்பராயின. போரும் இடப்பெயர்வும் வீடுகளில் இருந்த ஏடுகளையும் பழைய இதழ்களையும் கொண்டுபோயின. வேறு நாட்டில் ஒருவன் பிழையாக மேற்கோள் காட்டினால், மூலத்தைத் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். மூலம் எரிந்த நாட்டிலோ மேற்கோளே எஞ்சிய சாட்சி. அச்சாட்சி பொய்த்தால், எரித்தவன் தொடங்கிய வேலையை நாமே முடித்துவைத்தவர்களாவோம். 2005 முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் தேடி ஏற்றிவரும் தொண்டர்களின் உழைப்பு இவ்வகையில் மதிப்பிடற்கரியது. தாமோதரம்பிள்ளை ஏடு தேடிய பணியின் தொடர்ச்சி அது.

7

ஆய்வறம் என்பது பேராசிரியர்களுக்கு மட்டும் உரிய விவகாரம் என்று எண்ணுதல் கூடாது. அடிப்படையில் அது உழைப்பைப் பற்றிய கேள்வி. நெல்லை விதைத்தவன் பெயர் அரிசி மூட்டையில் இருப்பதில்லை. அச்சுக்கோத்தவன் பெயர் நூலில் இருப்பதில்லை. ஏட்டைப் படியெடுத்தவன் பெயர் பதிப்பில் இருப்பது அரிது. பிறர் உழைப்பைத் தன் பெயரில் எழுதிக்கொள்ளும் அறிஞனுக்கும், பிறர் விளைத்ததைத் தன் களஞ்சியத்தில் நிரப்பும் நிலக்கிழானுக்கும் இயல்பில் வேறுபாடு இல்லை. முன்னவன் கையில் இருப்பது பேனா என்பதால் குற்றம் குறைந்துவிடாது.

இக்கேள்விக்கு விடை பாடசாலையிலேயே தொடங்குதல் வேண்டும். ஊர்ப்பெயர்களையும் தொழிற்சொற்களையும் திரட்டிவரும்படி மாணவரை அனுப்புகிறோம். சுழிபுரத்திலும் மாதகலிலும் மீன்பிடிப்பவர், பனையேறுபவர், தோட்டஞ் செய்பவர் ஆகியோரிடம் கேட்டு அவர்கள் எழுதி வருகிறார்கள். பின்னர் அத்திரட்டு ஆசிரியரின் கட்டுரையாக மலர்களிலும் மாநாட்டுத் தொகுப்புக்களிலும் வருகிறது. திரட்டிய மாணவியின் பெயரும் இல்லை. சொல்லைத் தந்த முதியவரின் பெயரும் இல்லை. நானும் ஒருமுறை அவ்வாறு செய்ய இருந்தேன். கையெழுத்துப் பிரதியைப் பார்த்த மாணவி ஒருத்தி, “சேர், ஐயா சொன்ன சொல்லெல்லாம் இருக்கு, ஐயாவைத்தான் காணேல்லை” என்றாள். ஐயா என்றது அவளுடைய பாட்டனாரை. வாய்மொழித் தேர்வில் அம்முதிய ஆசிரியர் கேட்ட கேள்வியை இப்போது பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள்.

இப்போது எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. சொல்லைத் தந்தவரிடம் பெயரை வெளியிட இசைவு கேட்கிறோம். இசைந்தவர் பெயர், ஊர், தொழில், கேட்ட நாள் ஆகியன முதலில் எழுதப்படும். திரட்டியவர் பெயர் அடுத்து. தொகுத்தவர் பெயர் இறுதியில். பிழை கண்டால் அடுத்த தவணைக் கையெழுத்து இதழின் முதற் பக்கத்தில் திருத்தம் வரவேண்டும். திருத்தியவர் பெயரும் வரவேண்டும். சென்ற தவணையில் வந்த மூன்று திருத்தங்களுள் இரண்டு என்னுடைய பிழைகள் பற்றியவை.

பெயரை உரிய இடத்தில் வைத்தல், எடுத்த இடத்தைச் சொல்லுதல், பிறர் சோதனைக்கு உட்படுதல், பிழையைப் பகிரங்கமாகத் திருத்துதல் ஆகிய இந்நான்கும் காசு கொடுத்து வாங்கக் கூடியவையல்ல. பேராசிரியர் என்னும் பழைய உரையாசிரியரின் இயற்பெயர் கூட நமக்குத் தெரியாது. எனினும், தாம் கண்டறியாத ஒருவருக்கு உரியதை உரியவாறு கொடுக்கவேண்டும் என்று மதுரையில் ஒருவரும் புன்னாலைக்கட்டுவனில் ஒருவரும் சுன்னாகத்தில் ஒருவரும் உழைத்தனர். நம் கண்முன்னே உழைப்பவர்களுக்கு, பெயரும் முகமும் தெரிந்தவர்களுக்கு, அந்த அளவு நீதியையேனும் நாம் செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம்.